வலை போடாமல் தொடங்கிய அம்பா

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாள் திருவிழாவின் கடைசிப் பிற்பகலில், நெடுமணல்துறைப் பங்கின் வாத்தியக் குழு, கோவிலுக்கு முன்னால் கடலைப் பார்த்துப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் அமர்ந்து, கிளாறிஸ் டீச்சர் இரண்டு வருடமாக எழுதிய 'கடல்' என்னும் இசைக்கோவையை நாலு மணிக்குத் தொடங்கி, எழுதியபடியே முப்பத்தேழு நிமிடம் வாசித்துக் கடைசித் தாளின் கடைசிக் கோட்டை வந்தடைந்தபோது, முப்பத்தொரு பேரில் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. கிளாறிஸ் இரண்டு கைகளையும் தாழ்த்தினாள். வயலின்களின் வில்கள் தாழவில்லை, அவை கோட்டைத் தாண்டி, தாளே இல்லாத இடத்துக்குள் போய், அங்கிருந்து முதல் தாளுக்குத் திரும்பி, முன்னைவிடச் சற்று அழுத்தமாக இழுக்கத் தொடங்கின.

கேட்க வந்தவர்களின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த பனிமயம், அந்தக் கரையில் கரைமடி வலை வைத்திருக்கும் சம்மாட்டி, பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார்.

"கயிறு பிடிச்சிட்டு."

"எந்தக் கயிறு அண்ணாச்சி?"

"பிள்ளையளோட கையப் பாரும். சும்மா ஆட்டுத கையா அது? அந்தப் பக்கம் எடை வந்திருக்கு."

அவர் சொன்னதைக் கூட்டம் ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்குக் கைமாற்றியதே தவிர, யாரும் வியக்கவில்லை. என்ன பிசகு நடந்தது என்பது எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. கரைமடியைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் இறக்கிவிட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையில் இரு கூட்டமாக நின்று இழுப்பவர்கள் பாடுவது அம்பா. ஒருவர் அழைக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாட, வரிசையின் கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டு நடந்து தண்ணீரோரம் போய் முதல் ஆளாகப் பிடிக்க, இப்படியே சுற்றிச் சுற்றி, வலையின் மடி மணலில் வந்து தட்டும்வரை அந்தப் பாட்டு நிற்பதில்லை. கையில் கயிறு இல்லாமல் அதைப் பாடுவதும் இல்லை. குளிக்கும்போது யாரும் அதை முணுமுணுப்பதில்லை. குடித்துவிட்டு ஊரையே ஏசுகிறவன்கூட வாய்தவறி அதை எடுப்பதில்லை. கிளாறிஸ் அந்த மெட்டை எழுதிக்கொள்ளப் போனபோது பனிமயம் ஒரு வடக்கயிற்றைத் தன் வாசல் தென்னையில் கட்டி, அதை இழுத்தபடியேதான் அவளுக்குப் பாடிக்காட்டினார். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துபவளும், மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிப்படியாகத் தேர்வெழுதிக் கற்றவளும், நாற்பத்தேழு வயதுவரை ஒரு கூட்டலையும் இரண்டுமுறை சரிபார்க்காமல் விடாதவளுமான கிளாறிஸ், அழைப்பை, முழங்கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் இழுக்கும் செல்லோவுக்கும் ஏற்பை மற்ற எல்லா வாத்தியங்களுக்குமாகப் பிரித்து, ஒரு சுரம் பிசகாமல் தாளில் இறக்கினாள். தென்னையை மட்டும் அவள் எழுதவில்லை.

"டீச்சர் பாட்ட எடுத்தாக, மரத்த விட்டுட்டாக," என்றார் பனிமயம். "வல போடாம அம்பா தூக்கியாச்சு. இனி அது கடல்ல எதப் பிடிச்சிருக்கோ, அது கரைக்கு வந்தாத்தான் நிக்கும்."

நிறுத்திப் பார்க்காமல் இல்லை. கிளாரினெட் வாசிக்கும் தபால்காரர் பிரிட்டோ, மறுநாள் தபால் பை வரும் என்ற கவலையில், கருவியை வாயிலிருந்து எடுத்தார். அவருடைய நாற்காலி அவரோடு சேர்ந்து தண்ணீரை நோக்கி ஒன்பது அடி வழுக்கிச் சென்று நின்றது. அவருக்குப் பின்னால் இருந்த நால்வரின் உள்ளங்கைகளில், கயிறு ஓடிய இடத்தில் விழும் சிவந்த கோடு விழுந்தது. ஒருவன் விட்டால் பின்னால் இருப்பவன் கை கிழியும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்த ஊர் அது. ஆகவே, விடுவதில்லை என்று முடிவாயிற்று. விடாமல் எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது, எப்படிப் பிழைப்பைப் பார்ப்பது என்பதே அதன்பின் பேச்சாக இருந்தது.

கயிற்றில் செய்வதையே செய்தார்கள். கடைசி நாற்காலியில் இருப்பவர் எழுந்து போக, புதிதாக வருகிறவர் முதல் நாற்காலியில் அமர்ந்து, முன்னவரின் வில் மேலே போகும்போதே தன் வில்லைக் கீழே கொண்டுவந்து, இடைவெளி விழாமல் எடையை ஏற்றுக்கொண்டார். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறியது. பங்குத்தந்தை திருப்பலியை ஏற்புப் பகுதி தாழும் நேரங்களுக்குள் அடுக்கிக்கொண்டார். பிரசங்கம் குறைந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. பள்ளிக்கூட மணியைத் தாளத்தோடு பொருந்த அடித்தார்கள். மீன் விற்கும் பெண்கள் தெருவில் கூவியதும், வீட்டுக்குள் மாமியாரும் மருமகளும் சண்டையிட்டதும் அதே நடையில் ஆனது. சண்டை அதனால் நீண்டது என்று சிலரும், முறைப்பட்டது என்று சிலரும் சொன்னார்கள். ஒலிபெருக்கி அனுமதியை வாரந்தோறும் புதுப்பித்தார்கள். மீன்வளத்துறையிலிருந்து ஓர் அலுவலர் வந்து, கொட்டகையின் ஓரத்தில் காலணியைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் கேட்டார். பிறகு, இழுப்பது எதுவானாலும் இழுவை இழுவைதான் என்று சொல்லி, ஒரு படிவத்தை நீட்டினார். அதில் வலைக்கண்ணியின் அளவு என்ற இடத்தில், பொய் எழுதத் தெரியாத கிளாறிஸ், இசைக்கோவையின் தாள அளவான ஆறுக்கு எட்டு என்பதை எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்துத் தலையசைத்து வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் வாரத்தில் ஊர் கமிட்டித் தலைவர் எலியாஸ் ஒரு பழைய வழக்கத்தை நினைவூட்டினார். மடி கரையைத் தொடுவதற்குள் யாருடைய கை கயிற்றில் பட்டதோ, அவருக்கு மீனில் பங்குண்டு. கடைசிக் கணத்தில் ஓடிவந்து தொட்டவருக்கும் உண்டு. வழக்கம் சொல்லப்பட்ட மறுநாளே நாகர்கோவிலில் வயலின் தீர்ந்துபோயிற்று. ஒரே ஒரு வீச்சு மட்டும் கற்றுக்கொண்டவர்கள், கற்காமல் அடுத்தவரின் வில் நுனியைப் பிடித்துக்கொண்டவர்கள், திருப்பூரிலிருந்து ஒரு நாள் விடுப்பில் வந்து நாலு வீச்சு இழுத்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பியவர்கள் என்று, அக்டோபர் முடியும்போது நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கைகள் அந்தப் பாட்டில் பட்டிருந்தன.

"தலைவரே, உம்ம வில்லு தந்தியில படவே இல்ல. காத்தையில்லா அறுக்கீரு," என்றாள் மீன் விற்கும் வேதக்கன்னி, கூடையை இறக்கிவைத்துவிட்டு வயலினைத் தோளில் ஏற்றியபடி.

"கை பட்டாப் போதும் மைனி. தந்தியில படணும்னு எங்க எழுதியிருக்கு?"

"அப்ப எம் மாமியாரக் கட்டிலோட தூக்கிட்டு வாரேன். அவுக கைய நீரே எடுத்து வையும்."

அப்படியே தூக்கிவந்தார்கள்.

என்ன வரப்போகிறது என்பதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. நெத்திலிக் கூட்டம் என்றார்கள். மூழ்கிய கப்பல் என்றார்கள். இரண்டும் சேர்ந்து, கப்பல் நிறைய நெத்திலி என்றார்கள். பனிமயம் ஒவ்வொரு காலையும் வந்து செல்லோவின் மரப்பலகையில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, தூரத்தைச் சொல்லிவிட்டுப் போவார். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்; முதல் நாள் முந்நூறு பாகம். பிறகு இருநூற்று நாற்பது. பிறகு நூற்று எண்பது. என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் முகம் கடுகடுக்கும். "மடிக்குள்ள பாக்குத வரைக்கும் எல்லாம் தண்ணிதான்," என்பார்.

எல்லோரும் ஆள் மாறி இழுத்த அந்தப் பாட்டில் ஆள் மாறாமல் இழுத்தவள் ஒருத்திதான். அவள் ஜெசிந்தா, கிளாறிஸின் தங்கை, முப்பத்தொரு வயது, தனியார் மருத்துவமனை ஒன்றில் பத்து வருடம் செவிலியாக இருந்தவள். ஜெர்மன் மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறி, அந்நாட்டின் நடுவே, கடலே இல்லாத ஓர் ஊரின் மருத்துவமனையில் வேலை கிடைத்து, நவம்பர் பதினான்காம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறவேண்டியவள். பதினைந்தில் வேலையில் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஊரில் செல்லோ தெரிந்தவள் அவள் மட்டுமே. அம்பாவின் அழைப்பு முழுவதும் செல்லோவில் இருந்தது. ஒரு வலைக்கு அழைக்கத் தொடங்கியவர் அந்த வலை ஏறும்வரை மாறுவதில்லை.

மாற்றியும் பார்த்தார்கள். செப்டம்பர் கடைசியில், பெட்டி வாங்க நாகர்கோவில் போகவேண்டும் என்று அவள் கேட்க, டபுள் பாஸ் வாசிக்கும் சவேரியான் அழைப்பைத் தன் கருவியில் ஏற்றுக்கொண்டார். அவள் பஸ் ஏறிக் கால்மணி நேரத்தில் பாட்டு பதினான்கு பாகம் பின்னால் ஓடியது. மணலில் கவிழ்த்து வைத்திருந்த மூன்று வள்ளங்கள், யாரும் தொடாமலே, தண்ணீரின் விளிம்புவரை இழுபட்டுப் போய் நின்றன. பஸ்ஸை மறித்து அவளை இறக்கிக் கூட்டிவந்தார்கள். யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

கிளாறிஸ் எழுதியிருந்தபடி இரண்டு அழைப்புகளுக்கு நடுவே எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் மற்றவர்கள் ஏற்று இழுப்பார்கள். பிறகு அழைப்பு வந்தாகவேண்டும். ஜெசிந்தா எட்டு நிமிடத்தில் குளிக்கவும், எட்டு நிமிடத்தில் சாப்பிடவும், எட்டு எட்டு நிமிடமாகத் தூங்கவும் பழகினாள். கடைக்குப் போய்வர ஆறு நிமிடம், போகலாம். கோவில் கிணற்றுக்கு நாலு, போகலாம். பஸ் நிறுத்தத்துக்குப் போகவே எட்டு; போகமுடியாது. ஊரை அவள் தூரத்தால் அறிந்தது போய்க் கால அளவால் அறிந்தாள். எட்டு நிமிடத்துக்குள் ஆரம்பித்து முடிக்கத்தக்க எண்ணங்கள் மட்டுமே அவளுக்கு வந்தன. அதைவிட நீளமானவை பாதியில் அறுந்து, அடுத்த இடைவெளியில் வேறெங்கோ தொடங்கின. அவள் முழங்கால் ஓயாமல் ஆடியது. தூங்கும்போதும் ஆடியது. கொட்டகையின் மறுகோடியில் நின்று தாளம் காட்டிக்கொண்டிருந்த கிளாறிஸ், எட்டாம் நிமிடத்தின் தொடக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டு எழுப்புவாள். வேறு யாரையும் எழுப்ப விடமாட்டாள்.

அக்டோபர் நடுவில் தூரம் அறுபது பாகமாகியது. பிறகு முப்பது. எடை ஏறிக்கொண்டே வந்தது. வில்லின் மயிர் நாளுக்கு ஒரு கட்டு அறுந்தது. நவம்பர் நாலாம் தேதி காலை பனிமயம் பலகையில் கையை வைத்து, "ஏழு," என்றார். ஊர் முழுக்கத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக் கூடை கழுவி வைத்தது. ஐந்தாம் தேதியும் ஏழு. ஆறாம் தேதியும் ஏழு.

ஒன்பது நாள் ஏழிலேயே நின்றது. இழுத்த இழுப்பெல்லாம் எங்கோ போய்ச் சேர்ந்து திரும்பாமல் இருந்தது. கோவில் மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தவர்கள், கடலில் ஒரு மடிப்பு விழுந்திருப்பதைக் கண்டார்கள். விரித்த வேட்டியில் ஒரு நூலை மட்டும் பிடித்து இழுத்தால் விழுவதுபோல, கரைக்கு இணையாக, வடக்கு தெற்காகக் கண்ணுக்கெட்டியவரை ஓர் உயர்ந்த வரி. ஓதம் ஏறவுமில்லை, வற்றவுமில்லை. வள்ளங்கள் அந்த மடிப்பை ஏறிக் கடக்க முயன்று, ஏறிய வேகத்திலேயே பின்னால் சறுக்கி வந்தன. ஒன்பது நாளும் ஊரில் மீன் இல்லை. குழந்தைகள் காரணமில்லாமல் எழுந்து நடந்தன; நாய்கள் ஓரிடத்தில் படுக்காமல் இடம் மாற்றி மாற்றிப் படுத்தன; நாற்காலியில் இருந்தவர்களின் பற்கள் கிட்டித்துக்கொண்டன.

பதின்மூன்றாம் தேதி காலை பனிமயம் பலகையிலிருந்து கையை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்தார்.

"பாறையில மாட்டியிருக்கு டீச்சர். இந்தக் கரையில ஏழு பாகத்துல பாறை கிடையாது. இருந்தாலும் மாட்டியிருக்கு. இதுக்கு மேல இழுத்தா ஒண்ணு கயிறு தெறிக்கும், இல்ல கடலு கிழியும்."

"என்ன செய்யலாம் அண்ணாச்சி?"

"எனக்க வலன்னா வெட்டிருவேன். இது உங்க வல."

மாட்டிய வலையின் கயிற்றை வெட்டும் உரிமை, அதற்குச் சொந்தமானவருக்கு மட்டுமே உண்டு; ஊர் கூடிச் சொன்னாலும் மற்றவர் கத்தி வைக்கக்கூடாது, ஊர் கூடித் தடுத்தாலும் சொந்தக்காரர் வெட்டலாம். ஊர் கூடித் தடுத்தது. எலியாஸ் தன் வயலினை இழுத்துக்கொண்டே பேசினார்.

"நானூத்திப் பன்னெண்டு கை டீச்சர். அறுவத்தாறு நாளு. ஏழு பாகம்னா என்ன, நம்ம வாசல்ல நிக்கி. இன்னும் ரெண்டு நாளு பாப்பம்."

"நாளைக்கு என் தங்கச்சி போகணும்."

"அடுத்த வருசம் போகட்டும். ஜெர்மனி எங்கயும் போயிராது."

"இடம் போயிரும்."

"இங்க இல்லாத இடமா? நம்ம ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி வந்தா அவளத்தான் வைப்போம்."

"ஆஸ்பத்திரி எப்ப வருது தலைவரே?" என்று எங்கிருந்தோ வேதக்கன்னி கேட்டாள். "நீரு சின்னப் பிள்ளையா இருக்கும்போதே வாரதாச் சொன்னாவ."

கிளாறிஸ் தாளம் காட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தடுப்பதற்கு எலியாஸ் தேவையில்லை. அந்தக் கொட்டகையில் இருந்தவர்களிலேயே வருவது என்னவென்று பார்க்க அதிகம் தவித்தவள் அவள்தான்; இரண்டு வருடம் எழுதி, அறுபத்தாறு நாள் நின்று, ஏழு பாகத்துக்கு அப்பால் இருப்பதை நினைத்து நினைத்து, அவளுடைய கண்களின் கீழ் உப்புப் படிந்ததுபோல் வெளுத்திருந்தது. பத்தே கால் மணிக்கு ஜெசிந்தா ஓர் அழைப்பை முடித்து வில்லை மடியில் வைத்தபோது, கிளாறிஸ் போய் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். எட்டு நிமிடம் இருந்தது.

"சாப்பிடலையா?"

"வேண்டாம்க்கா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படாத."

"கேளு."

"நான் ஜெர்மன் கிளாசுக்குப் போக ஆரம்பிச்சப்பதான் நீ இத எழுத ஆரம்பிச்ச. ஊர்ல இருபது வயலின் இருக்கு. அழைப்ப எனக்கு வச்ச. நான் போகக்கூடாதுன்னா எழுதின?"

கிளாறிஸ் மணலை விரலால் கீறினாள். தொலைவில் டிம்பனி முரசு ஒரு சீராக முழங்கிக்கொண்டிருந்தது.

"எழுதும்போது தெரியாது," என்றாள். "எழுதி முடிச்சு, சரிபார்க்கிறதுக்காக முதல்ல இருந்து வாசிச்சேன். அப்பத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் மாத்தல."

"நல்லா வந்திருந்துது ஜெசி."

ஜெசிந்தா சிரித்தாள்; அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது. முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கிளாறிஸ் தன் உள்ளங்கையை அந்த முழங்காலின்மேல் வைத்தாள். அது நிற்கவில்லை, கைக்கடியில், பிடிபட்ட மீனைப்போல, துடித்துக்கொண்டே இருந்தது. கிளாறிஸ் அந்தத் துடிப்பை எண்ணினாள். எண்ணுவது அவள் வழக்கம். இருநூறுவரை எண்ணிவிட்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, உங்க கத்தியக் குடுங்க."

பனிமயம் இடுப்பிலிருந்து வலைக்கத்தியை எடுத்துப் பிடியை முன்னால் நீட்டிக் கொடுத்தார். எலியாஸ் எழப் பார்த்தார். வில்லை விடமுடியாததால் பாதி எழுந்த நிலையிலேயே இருந்தார்.

வெட்டுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. முறுக்கேறிய கயிறு அறுந்தால், நின்றபடி இழுப்பவர்கள் பின்னால் தூக்கி எறியப்படுவார்கள்; எலும்பு முறியும், சிலசமயம் உயிரும் போகும். ஆகவே வெட்டுகிறவர் இழுக்கிறவர்களைப் பார்த்து மூன்று முறை உட்காரச் சொல்லவேண்டும். அவர்கள் தரையில் அமர்ந்து குதிகாலை மணலில் புதைத்த பிறகே கத்தி வைக்கவேண்டும். கிளாறிஸ் வகுப்பறையில் பேசும் குரலில், கடைசி வரிசைவரை கேட்கும்படி, "உக்காருங்க," என்றாள். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, வாசித்தபடியே ஒவ்வொருவராகத் தரையில் இறங்கினார்கள். "உக்காருங்க," என்றாள். கொட்டகைக்கு வெளியே நின்ற நூற்றுக்கணக்கானோரும் மணலில் அமர்ந்து ஒருவரையொருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வேதக்கன்னி மாமியாரின் கட்டிலைக் கட்டிப்பிடித்தாள். மூன்றாம் முறை சொல்லும்போது எலியாஸும் உட்கார்ந்தார்.

எட்டாம் நிமிடம் முடிந்து, ஜெசிந்தா அழைப்புக்காக வில்லைத் தந்தியில் வைத்த அதே கணத்தில், கிளாறிஸ் செல்லோவின் நான்கு தந்திகளையும் ஒரே இழுப்பில் அறுத்தாள்.

தந்தியின் நுனி அவள் இடது கன்னத்தைக் கிழித்தது. அங்கே இருந்த அத்தனை பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் பின்னால் சரிந்தார்கள். கொட்டகையின் தகரம் ஒருமுறை உள்வாங்கி நிமிர்ந்தது. மணிக்கூண்டில் இருந்தவர்கள், கடலின் மடிப்பு கரையை விட்டு விலகி, ஒரு நீண்ட வரியாக, வேகமாக, அடிவானத்தை நோக்கி ஓடி மறைவதைக் கண்டார்கள். அதன் பின்னால் நீர் தட்டையாயிற்று. பிறகு அறுபத்தாறு நாளில் முதல்முறையாக ஊரில் ஒரு சத்தமும் இல்லை. அதற்குள் பிறந்திருந்த மூன்று குழந்தைகள், வாழ்நாளில் கேட்டறியாத அந்த அமைதியைப் பொறுக்காமல் வீறிட்டன.

"பங்கு போச்சு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். ஜெசிந்தா அக்காவின் கன்னத்தில் ஏழு தையல் போட்டாள். அதற்கு இருபது நிமிடம் ஆயிற்று; இருபது நிமிடம் ஒரே வேலையைச் செய்வது அவளுக்குப் புதிதாக இருந்தது, நடுவே இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தாள்.

மறுநாள் காலை வாடகைக் கார் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு, ஜெசிந்தா பின்னிருக்கையில் அமர்ந்து, கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது பாறை இல்ல."

கிளாறிஸ் குனிந்தாள்.

"அந்தப் பக்கமும் இழுத்தாங்க. ஏழு பாகத்துல வந்து நின்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். நம்ம அழைப்பு முடிஞ்சு ஏத்துப் பாடும்போது, தந்தியில இன்னொரு அழைப்பு வரும். வேற பாட்டு. ஆனா அம்பாதான். அவங்களும் நம்மள மாதிரி கூட்டமா உக்காந்து... எத்தன பேருன்னு தெரியல. நிறையப் பேரு. ஒரு பொம்பள அழைக்கா. அவளும் ஆள் மாறல."

"பனிமயம் அண்ணாச்சி கை வச்சுப் பாத்தாகளே."

"அவுக பலகையிலதான கை வச்சாக. தந்தி என் விரல்லயில்லா இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்ட."

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, நேரமாகிறது என்பதற்காக ஒருமுறை இருமினார். கிளாறிஸ் காரின் கதவைப் பிடித்தபடியே நின்றாள். கன்னத்தின் தையல் இழுத்ததால் அவளுக்குப் பேச்சு மெதுவாகவே வந்தது.

"நாம விட்டதும் அவ்வளவு எடையும் அவங்க மேல போயிருக்கும்."

"ம்."

"அவங்கள உக்காரச் சொல்ல யாராவது இருந்திருப்பாங்களா?"

ஜெசிந்தா அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். கார் கோவிலைச் சுற்றி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஏறியது.

அன்று கிளாறிஸ் பள்ளிக்குப் போனாள். மூன்றாம் பாடவேளையில் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதிவரை எழுதி, சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வெயிலில் கடற்கரைக்கு நடந்தாள். வள்ளங்கள் மீன் பிடிக்கப் போயிருந்தன; மணலில் யாருமில்லை. தண்ணீர் கணுக்காலைத் தொடும் இடத்தில் நின்று, மடிப்பு ஓடி மறைந்த திசையைக் கண்டுபிடித்து, அதற்கு நேராகத் திரும்பி, ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்பதையும், அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தன் மொழி தெரியாமல் இருக்கலாம் என்பதையும் அறிந்தபடியே, கடைசி வரிசைவரை கேட்கும் குரலில், மூன்று முறையும் முறையாக இடைவெளி விட்டு, "உக்காருங்க," என்றாள்.